ஓசூர் வட்டார மின்கிதார்ப் பராமரிப்பு: ஓர் அழுக்கியல் ஆய்வு

மின்கிதார் ஓர் எந்திரம். மரம், எஃகு, காந்தம், செம்புக் கம்பி, பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆனது. நட்டும் ஸ்க்ரூவும் உடையது. தேயும், துருப்பிடிக்கும், சரியளவிலிருந்து விலகும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இந்த வரையறைக்குள் வரும் எந்தப் பொருளுக்கும் பக்கத்திலேயே பிளாஸ்டிக் உறையில் ஒரு பராமரிப்பு அட்டவணை தொங்கும். தினமும் துடைக்க வேண்டியது எது, வாரம் ஒருமுறை எண்ணெய் இட வேண்டியது எது, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அதில் கட்டம் போட்டு எழுதியிருக்கும். அட்டவணை இல்லாத எந்திரம் இவ்வட்டாரத்தில் ஒன்றுதான் உண்டு. அது மத்திகிரியிலோ பாகலூர் சாலையிலோ ஏதோ ஒரு வாடகை அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஜிப்பு போன உறைக்குள் சாய்ந்து நிற்கிறது. அதன் உரிமையாளரோ எட்டு மணி நேரம் இன்னொரு எந்திரத்தைத் துடைத்துவிட்டு இப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றுகிறார்.

பராமரிப்புச் சாத்திரம் ஓசூருக்குப் புதிதல்ல. 'முழுமையான உற்பத்திப் பராமரிப்பு' என்று அறிவிப்புப் பலகையிலும், 'டிபிஎம்' என்று தொழிலாளர் வாயிலும் வழங்கும் ஜப்பானிய முறை 1971-இல் உருப்பெற்றது. தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1971. இரண்டையும் தொடர்புபடுத்த எந்த ஆதாரமும் இல்லை. ஆய்வுலக வழக்கப்படி, தொடர்புபடுத்த அதுவே போதும். டிபிஎம்மின் தூண்களில் ஒன்று 'ஜிஷு ஹோசென்'. எந்திரத்தை ஓட்டுபவரே அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தளர்ந்ததை முடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். துடைப்பதே சோதிப்பது என்பது அதன் மூலவாக்கியம். துணியும் கையுமாக எந்திரத்தை அங்குலம் அங்குலமாகத் துடைக்கிறவருக்குத்தான் எந்த நட்டு ஆடுகிறது என்று தெரியும். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002-இல் ஜப்பானின் டெமிங் பரிசையே பெற்றது. ஊரின் தகுதி இவ்வாறு கடல்கடந்து நிறுவப்பட்டிருக்க, ஊரின் கிதார்கள் மட்டும் சுருதி சேராமல் கிடப்பது ஆய்வுக்குரிய முரண்.

தொண்டைமான் வகையும் அதியமான் வகையும்

இம்முரண் இந்த மண்ணுக்குப் பழையது. ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரி பழைய தகடூர். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கே ஔவையார் சொன்னது புறநானூற்றில் 95-ஆம் பாட்டாக இருக்கிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம்.

உரைகாரர்கள் இதைப் புகழ்வதுபோலப் பழித்தது என்பர். பராமரிப்பு நோக்கில் படித்தால் இது ஒரு தணிக்கை அறிக்கை. தொண்டைமானிடம் இருந்தது தடுப்புப் பராமரிப்பு. அதியமானிடம் இருந்தது, ஆலை வழக்கில் சொன்னால், பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ். ஔவையார் மதிப்பெண் போட்டது பின்னதற்கு. இன்று சிப்காட்டில் எந்தத் தணிக்கையாளரும் அப்படிப் போடமாட்டார். போட்டால் அடுத்த மாதம் அவர் அந்த வேலையில் இருக்கமாட்டார்.

மின்கிதார்களையும் இவ்விரு வகையாகப் பகுப்பது ஆய்வுக்கு வசதி. தொண்டைமான் வகைக் கிதார் வாங்கிய நாளின் பளபளப்போடு இருக்கும். உடலின் மேல் பதித்த பிளாஸ்டிக் தகட்டில் கடையிலிருந்து ஒட்டிவந்த மெல்லிய உறையைக்கூட உரித்திருக்கமாட்டார்கள். உரிமையாளருக்கு மூன்று கார்டு தெரியும். அதியமான் வகையில் கழுத்தின் குறுக்கே பதித்த முதல் மூன்று உலோகப் பட்டைகள் கம்பிக்குக் கீழே குழி விழுந்திருக்கும், ஒரு குமிழ் போயிருக்கும், அதன் இடத்தில் ஏதோ ஒரு பாட்டில் மூடி இருக்கும். உரிமையாளர் 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா வாசித்ததைக் கேட்க அத்திப்பள்ளி தாண்டிப் போனவராக இருப்பார். அந்தக் கதையைக் கேட்காமல் அவர் வீட்டில் காபி கிடைக்காது. வாசிக்கவும் படாமல் துடைக்கவும் படாமல் பீரோ மறைவில் இருக்கும் மூன்றாம் வகைக்குச் சங்க இலக்கியத்தில் சான்று இல்லை.

இசைக்கருவியைச் சோதித்து வாங்கும் மரபுக்குச் சான்று உண்டு. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்றின் மரம் நீரில் கிடந்தது, ஒன்று இடி விழுந்தது என்று காரணமும் சொல்கிறான். இன்று தவணையில் கிதார் வாங்குகிறவர் பார்ப்பது நிறத்தை.

பெயர்கள்

கடைக்காரர்கள் உறுப்புகளை ஆங்கிலப் பெயரிலேயே அழைக்கின்றனர். இக்கட்டுரை, வீணைக்கு உரிய சொற்களை எடுத்துக்கொள்கிறது. முடுக்கும் திருகுகள் பிருடை, கம்பிகள் கழுத்தின் தலைமாட்டில் ஏறி இறங்கும் இடம் மேரு, உடல்பக்கம் கம்பிகளைத் தாங்குவது குதிரை, குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் மெட்டு. வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெழுகை இளக்கி மெட்டு கட்டித்தர ஆள் வேண்டும். மின்கிதாரில் மெட்டு மரத்தில் அடித்து இறக்கப்பட்டது. அது நகராது, ஆனால் தேயும். கர்நாடக இசையை மின்கிதாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னா போன்றோர் கமகத்துக்காகக் கம்பியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுப்பதைப் பார்த்தால் தேய்மானத்தின் காரணம் புரியும்.

கம்பிக்கு மட்டும் எல்லைப்புறத்தில் பெயர் பல. தமிழர் கம்பி என்பர், கன்னடர் தந்தி என்பர், தெலுங்கர் தீகெ என்பர். மூன்று மொழியும் புழங்கும் ஜூஜுவாடியில் மூவரும் ஸ்ட்ரிங் என்பர்.

அழுக்கியல்

கிதாரில் சேரும் அழுக்கு இரு பிறப்பு உடையது: ஆள் அழுக்கு, ஊர் அழுக்கு.

ஆள் அழுக்கு உலகப் பொதுவானது. வியர்வையின் உப்பு, தோலின் எண்ணெய், உதிர்ந்த தோல் ஆகிய மூன்றும் விரல்பலகையில் மெட்டுகளின் ஓரம் சேர்ந்து கறுத்த பசையாகும். இதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. சுரண்டியதை முகர்ந்து பார்ப்பது பாதிப்பேர் செய்வது. கம்பியின் அடிப்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும், ஏனென்றால் அங்கே யாரும் துடைப்பதில்லை. இது வியர்வை கூடுதலான வாசிப்பாளரின் கிதாரில் சில வாரங்களிலேயே தெரியும்.

ஊர் அழுக்குத்தான் இக்கட்டுரையின் சிறப்புப் பொருள். இதை விளங்கிக்கொள்ள பிக்கப் பற்றி இரண்டு வரி தேவை. (மாங்காய் ஏற்றிக்கொண்டு போச்சம்பள்ளி சாலையில் ஓடும் பிக்கப் வேறு.) மின்கிதாரின் பிக்கப் என்பது ஆறு காந்தத் துண்டுகளைச் சுற்றித் தலைமயிர் அளவே தடித்த செம்புக் கம்பியைச் சுமார் 8,000 சுற்றுச் சுற்றியது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடும். சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் 1931-இல் இந்த வழியில் செய்த முதல் கிதாருக்கு, உருவத்தைப் பார்த்து வாணலி என்றே பட்டப்பெயர் வந்தது.

ஆக, மின்கிதார் எப்போதும் விழித்திருக்கும் ஒரு காந்தம். ஓசூரோ எப்போதும் இரும்பு சீவப்படும் ஊர். லேத்தில் நிற்பவர், கிரைண்டிங்கில் நிற்பவர், பிசிர் எடுப்பவர் ஆகியோரின் சட்டை மடிப்பிலும் விரல் ரேகையிலும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் தங்குகிறது. அவர் வீட்டுக்கு வந்து கிதாரை எடுத்ததும் அந்தத் தூள் பிக்கப்பின் காந்த முனைகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு தாடி முளைத்திருக்கும். அந்தத் தாடி ஈரத்தில் துருவாகிறது. சுருளுக்குள் இறங்கினால் செம்புக் கம்பியின் மெல்லிய பூச்சை உரசுகிறது. ஊதினால் போகாது, தூரிகைக்கும் போகாது. செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தை முனையில் அழுத்தி எடுத்தால் தாடி டேப்பில் வரும். ஏழெட்டு முறை எடுக்க வேண்டும். முதல் டேப் துண்டை வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்தால், அந்த வாரம் எந்த எந்திரத்தில் வேலை பார்த்தார் என்று அனுபவமுள்ள ஃபோர்மேன் சொல்லிவிடக்கூடும்.

கிருஷ்ணகிரி பக்கத்துக் கிதாருக்கு இரும்பைவிடக் கல் பகை. கிரானைட் அறுக்கும் பகுதிகளில் பறக்கும் தூளில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் கடினமானியில் அதன் எண் 7. கிதாரின் வார்னிஷ் அதற்கு முன் வெண்ணெய். தூசி படிந்த கிதாரை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு நிகர். கறுப்புக் கிதாரில் சுழல் சுழலாகத் தெரியும் கீறல்கள் இப்படி வந்தவை. முதலில் மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும், பிறகு பிழிந்த ஈரத்துணியால் ஒற்ற வேண்டும், கடைசியில்தான் உலர்துணி.

கூலன்ட், கிரீஸ், மாம்பழச் சாறு ஆகிய மூன்றையும் தனித்தனியே விளக்கத் தேவையில்லை. கையைக் கழுவினால் போதும். மண்ணெண்ணெயிலும் மரத்தூளிலும் கை கழுவிவிட்டு அப்படியே கிதாரைத் தொடுவது கழுவியதாகாது.

துணி

உலகின் கிதார்க் கடைகள் மைக்ரோஃபைபர் துணியை உறையில் போட்டு விற்கின்றன. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அதைவிட நல்லது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதன் பெயர் பனியன் வேஸ்ட். திருப்பூர் பின்னலாடை ஆலைகளில் வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டுகள். மென்மையானவை, எண்ணெயை உறிஞ்சுபவை. ஒரே குறை, அவற்றில் சில சமயம் தையல் மடிப்போ பட்டனோ பிளாஸ்டிக் லேபிளோ இருக்கும், அது வார்னிஷில் கோடு போடும். ஆகவே மூட்டையிலிருந்து எடுத்ததைத் தடவிப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். ஆலையில் ஒருமுறை எந்திரம் துடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. மேற்சொன்ன இரும்புத்தூள் அதில்தான் இருக்கிறது. பத்து வருடம் துவைத்து நைந்த சொந்த பனியன் எல்லாவற்றிலும் சிறந்தது என்பது இத்துறையில் கருத்து வேறுபாடில்லாத ஒரே செய்தி.

மோட்டார் சைக்கிள் பாலிஷ் பூசலாமா என்ற கேள்வி இரு சக்கர வாகனம் செய்யும் ஊரில் எழுவது இயல்பு. கூடாது. அவற்றில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். அது வார்னிஷ் விரிசல்களில் இறங்கிவிட்டால் பின்னாளில் புதிய பூச்சு ஒட்டாது. விலை குறைந்த கிதார்களில் இருப்பது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு. ஈரத்துணியே அதற்குப் போதும். விலை கூடிய சிலவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இருக்கும். அது ரப்பர் பட்டால்கூடக் கறைபடும், ஆகவே ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டில் மாதக்கணக்கில் நிறுத்தக் கூடாது.

விரல்பலகை

விரல்பலகை பெரும்பாலும் ஈட்டி மரம். தென்னிந்திய ஈட்டி உலகக் கிதார்த் தொழிலின் விருப்ப மரங்களில் ஒன்று. அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2017 முதல் உலகின் எல்லா ஈட்டி இனங்களும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. நீலகிரியில் வளர்ந்த மரம் ஏதோ ஒரு நாட்டில் கழுத்தாகி, பெங்களூர் கடை வழியாக மறுபடி ஓசூர் வந்து சேர்ந்திருக்கவும் கூடும். அவ்வளவு அலைந்த மரத்துக்கு ஆண்டுக்கு இரண்டு துளி எண்ணெய் விடுவது அதிகப்படி உபசாரமல்ல.

எந்த எண்ணெய் என்பதில் பூசல் உண்டு. தேங்காயெண்ணெய் என்பார் ஒரு சாரார். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், பாட்டிலை வெந்நீரில் வைக்காமல் தலைக்கே எண்ணெய் வராது. மரத்தின் துளைகளுக்குள் அது உறைந்து, பின் கோடையில் இளகி, கெட்டுச் சிக்குவாடை வீசும். நல்லெண்ணெய் என்பார் மற்றொரு சாரார். அவர் கிதாரை விளக்கோடு குழப்பிக்கொண்டவர். கடையில் 'எலுமிச்சை எண்ணெய்' என்று விற்பது பெரும்பாலும் வாசனை ஏற்றிய கனிம எண்ணெய். கெடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில துளி போதும். பெயரை நம்பி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவர்களும் உண்டு. அமிலம் மெட்டைக் கறுப்பாக்கும். எலுமிச்சம்பழம் புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் வைப்பதற்கு உரியது. வெளிர்நிற மேப்பிள் பலகையின்மேல் வார்னிஷ் இருப்பதால் அதற்கு எந்த எண்ணெயும் வேண்டாம்.

மெட்டுகள் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்ற உலோகம். அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு, வெள்ளி இல்லை. அவை பச்சை பூத்திருந்தால் நான்கு சைபர் எண்ணுள்ள மிக நைஸான ஸ்டீல் ஊலால் தேய்த்தால் கண்ணாடியாகும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரும் இதுவும் ஒன்றல்ல. இங்கே ஒரு கொடிய பொறி இருக்கிறது. ஸ்டீல் ஊல் தேய்க்கத் தேய்க்க ஆயிரக்கணக்கான எஃகு இழைகளாக உதிரும். பக்கத்திலேயே காந்தம் காத்திருக்கும். ஒரு வருடம் ஆலையில் சேரும் தாடி பத்து நிமிடத்தில் முளைத்துவிடும். ஆகவே முதலில் பிக்கப்புகளை மாஸ்கிங் டேப்பால் முழுதும் மூட வேண்டும், மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தையும் மூட வேண்டும். சுத்தம் செய்யப்போய் அழுக்கு செய்வது பராமரிப்புத் துறையில் அபூர்வமல்ல, ஆயினும் அதற்கு யாரும் அட்டவணை போடுவதில்லை.

கம்பி

பழைய உரைகள் யாழ் நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு குற்றம் சொல்கின்றன. எஃகுக் கம்பிக்கு ஐந்தாவதாகத் துருவைச் சேர்க்கலாம். கம்பியைக் கட்டைவிரல் ஆள்காட்டிவிரல் இடையே வைத்து இழுத்துப் பார்த்தால் விரலில் கறுப்பு ஒட்டும், சொரசொரப்பு தட்டும், ஒலியில் கணீர் போயிருக்கும். அப்போது மாற்ற வேண்டும். பேஸ் கிதார்க்காரர்கள் தடித்த கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, சுற்றுகளுக்கு இடையிலுள்ள அழுக்கை வெளியேற்றி, மறுபடி மாட்டுவதுண்டு. உயிர் வரும், சில நாள் மட்டும். இதற்குக் களி கிண்டும் பாத்திரத்தைப் பயன்படுத்தியவர் வீட்டில் அதற்குப் பின் நடந்தது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

பொதுவாக விற்கும் பத்தாம் எண் செட்டில் ஆறு கம்பியும் சுருதியில் நிற்கும்போது கழுத்தின்மேல் மொத்த இழுப்பு சுமார் 46 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டைக்கு நான்கு கிலோ குறைவு. இதனால்தான் ஆறையும் ஒரேயடியாக வெட்டி விடக் கூடாது என்று சிலர் அஞ்சுவர். வெட்டினால் கழுத்து உடையாது. ஆனால் இறுகிய கம்பியை வெட்டினால் நுனி கண்ணுக்கு வரும். பிருடையைத் தளர்த்திவிட்டு வெட்டுவது முறை. மேருவின் வெட்டுத்தடத்தில் பென்சில் கூரைத் தேய்த்தால் கிராஃபைட் ஒட்டிக்கொண்டு கம்பி வழுக்கும். சுருதி சேர்க்கும்போது 'டிக்' என்ற சத்தம் வராது. ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் மசகைவிட நடராஜ் பென்சில் சற்றும் குறைந்ததில்லை.

மாட்டிய கம்பி உடனே சுருதியில் நிற்காது. ஒவ்வொன்றையும் விரலால் மெல்லத் தூக்கி இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி இழுக்க வேண்டும். இதற்குக் கம்பி நீட்டுதல் என்று பெயரிடலாம். ஆனால் தமிழில் அந்தத் தொடர், வாடகை பாக்கியோடு அறையைக் காலிசெய்து போவதற்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது.

கழுத்து

கழுத்துக்குள் ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. கம்பிகள் ஒருபுறம் இழுக்க, தண்டு மறுபுறம் தாங்கும். அதன் நுனியில் அலன் கீ போடத் துளை உண்டு. வலப்புறம் திருகினால் கழுத்து நிமிரும், இடப்புறம் திருகினால் குழிவு கூடும்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர். சூளகிரி கடந்து ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். மேலே போர்வை, கீழே புழுக்கம். சேலத்துக்கோ பெங்களூருக்கோ கச்சேரிக்குப் பேருந்தில் போய்வரும் கிதார் ஒரே நாளில் இரண்டு பருவத்தைப் பார்த்துவிடுகிறது. மரம் ஈரம் குடித்தால் விரியும், உலர்ந்தால் சுருங்கும்; உலோக மெட்டு இரண்டும் செய்யாது. ஆகவே மாசி பங்குனியில் கழுத்தின் ஓரத்தைத் தடவினால் மெட்டுகளின் நுனி மீன்முள்போல நெருடும். கழுத்தும் ஒரு மயிரிழை வளையும்.

அந்த மயிரிழையை அளக்கும் கருவி இந்த ஊரில் யாரிடமும் இருக்கும். கம்பியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் மெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஏழாம் மெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் தகடு கம்பியைத் தூக்காமல் தொட்டுக்கொண்டு நுழைந்தால் சரி. ஃபீலர் கேஜின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும்: அளவு சரிபார்த்த தேதி, அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதி, ஒரு கையெழுத்து. அளக்கும் கருவிக்கு உள்ள மரியாதை அளக்கப்படும் கருவிக்கு இல்லை என்பது அந்த வினாடியில் தெளிவாகத் தெரியும். தண்டை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. திருகிவிட்டு ஓர் இரவு விட வேண்டும். டார்க் ரென்ச் பிடித்துப் பழகிய கைகளுக்கு இந்தக் கட்டளை கடினம். முறிந்த தண்டை எடுக்கக் கழுத்தையே பிளக்க வேண்டும்.

மின்

குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டுப் பீய்ச்சி, குமிழை முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்பினால் போகும். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் எண்ணெயை அடித்தால் அன்று போகும், அடுத்த மாதம் தூசியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். ஒயர் செருகும் ஜாக் சுழன்றால் வெளி நட்டை மட்டும் முடுக்கக் கூடாது. உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும். தகட்டைக் கழற்றி, உள்பக்கம் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். முடுக்காமல் விட்டு ஸ்டேஜில் சத்தம் போனவர்களின் பட்டியல் நீளம்.

ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அதிர்வோடு சுவருக்குள் ஓடும் மின்சாரத்தையும் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய சுரவரிசையில் தாழ்ந்த ஜி ஒன்று 49 ஹெர்ட்ஸ். எனவே டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் டியூப்லைட்டும் நிறைந்த சிப்காட் முழுவதும் ஜி சுருதிக்கு ஒரு நூல் மேலே உறுமிக்கொண்டிருக்கிறது. தம்புரா வாங்க வழியில்லாத ஊருக்கு மின்வாரியம் செய்த இந்த ஏற்பாட்டை இசை வரலாற்றாளர்கள் கவனிக்கவில்லை.

உறுமல் கம்பியைத் தொட்டதும் குறைந்தால் பயமில்லை. தொட்டதும் விரலில் சுரீரென்றால் உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும். கிதாரின் கம்பிகள் ஒயர் வழியே ஆம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்தவை. வாடகை அறையின் மூன்று துளைப் பாயின்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயர் இல்லாமலே இருப்பது வழக்கம். ஒரு கையில் கம்பி, உதட்டருகே மைக் என்றால் நடுவில் இருப்பது இதயம். மூன்றாம் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுவது, இரண்டு பின் அடாப்டர் போடுவது ஆகியவற்றைச் செய்யவே கூடாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். இந்தப் பத்தியில் ஆய்வாளருக்கு வேடிக்கை இல்லை.

பூசை

ஆண்டுக்கு ஒருநாள் ஓசூரின் எல்லா எந்திரமும் கட்டாயம் துடைக்கப்படும். ஆயுத பூசைக்கு முந்தைய ஷிப்டில் ஆலை முழுக்கப் பனியன் வேஸ்ட் பறக்கும். லேத்துக்குச் சந்தனம், பிரஸ்ஸுக்குக் குங்குமம், வாசலில் பூசணிக்காய், எல்லோருக்கும் பொரி கடலை. வீட்டிலும் அதே பூசை. இங்கேதான் வகைப்பாட்டுச் சிக்கல் எழுகிறது. கிதார் ஆயுதமா, வித்தையா? ஸ்பேனர், திருப்புளி, பைக் பக்கம் வைப்பதா, புத்தகம், நோட்டு, ஹார்மோனியம் பக்கம் வைப்பதா? கம்பி அறுந்தால் குறடு வேண்டும் என்பதால் ஆயுதமே என்பர் ஒரு சாரார். வீணை ஏந்தியவளுக்கே பூசை என்பதால் வித்தையே என்பர் மற்றொரு சாரார். நடைமுறையில் ஃபிட்டர் வாசித்தால் ஸ்பேனரோடும், ஃபிட்டரின் மகள் வாசித்தால் புத்தகத்தோடும் வைக்கப்படுகிறது. இரண்டிலும் விஜயதசமி காலை வரை தொடக் கூடாது.

தொண்டைமானின் படைக்கலம் மாலை சூடி நின்றதைப் போல அன்று எல்லாக் கிதாரும் மாலையோடு நிற்கும். மாலை ஈரமானது, மேருவின்மேல் தொங்கவிட்டால் கம்பி ஓர் இரவில் துருப்பிடிக்கும். சந்தனம் வார்னிஷில் பட்டால் பிழிந்த துணிக்குப் போய்விடும். குங்குமம் போகாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சாயம் அது. வார்னிஷ் இல்லாத மரத்தில் பட்டால் அங்கேயே குடியிருக்கும். தலைப்பகுதியின் பின்புறம், கண்ணில் படாத இடத்தில், பிளாஸ்டிக் மேல் வைப்பது உத்தமம். கற்பூரத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கிதார் மீட்டும் பழைய பாணிப் பிளெக்ட்ரம் செல்லுலாய்டு. செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது, பற்றினால் குப்பென்று எரியும். அதை உரசி முகர்ந்தால் கற்பூர வாசனையே வரும். கற்பூரம் ஏற்கெனவே கிதாருக்குள் இருப்பதால் வெளியே காட்டத் தேவையில்லை என்று பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். ஏற்பார்களா என்பது வேறு.

விஜயதசமி காலையில் பூவை எடுத்து, துடைத்து, சுருதி சேர்த்து, ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும். ஆண்டின் மற்ற நாட்களில் வாசித்து முடித்ததும் கம்பியின் மேலும் கீழும் ஒருமுறை துணியை ஓட்டினால் போதும், அரை நிமிடம். இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் இரவு பதினொன்றுக்கு மேல் ஆம்ப்ளிஃபயரைப் போடாமல் வெறும் கம்பியில் வாசிக்கலாம். பக்கத்து அறையில் தூங்குகிறவருக்கு முதல் ஷிப்டு, காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்.